மாமன் வழியா, பங்காளி வழியா

எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் தாத்தாவைப் பற்றி முதலில் சொல்வது ஒன்றுதான்: கப்பலில் தனியாக வந்தவர், துணைக்கு ஈ காக்கை கிடையாது. இதைச் சொல்லும்போது என் அண்ணனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும், ஏதோ அந்தக் கப்பலை இவரே ஓட்டி வந்து கரை சேர்த்த மாதிரி. சித்தப்பாவைக் கேட்டால் தாத்தா ஊரில் பெரிய பண்ணையாரின் மகன் என்பார். பெரிய அத்தையோ இன்னும் ஒரு படி மேலே போய், ஊரில் பாதி நிலம் நமக்குத்தான் என்பாள். பாதி ஊருக்குச் சொந்தக்காரன் எதற்கு மூட்டை தூக்கக் கப்பலேறினான் என்று நான் கேட்டுவிடுவேன். அதனால் வீட்டில் எனக்கு வக்கீல் என்று பெயர்.

உண்மையில் நான் செய்வது பல் செட். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பேன். எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் அச்சில் இருப்பது இருக்கிறபடிதான் இருக்கும். அந்த வேலையில் ஊறிப்போனதாலோ என்னவோ, கதை விடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"மண்டப வாசல்ல பெருசா ஒரு வம்ச மரம் வைக்கணும். தாத்தா எந்த ஊரு, அவங்க அப்பா யாரு, எல்லாம் போட்டு. நீதான் சும்மா இருக்கியே, விசாரிச்சு எழுதிக் கொடு."

கல்யாணம் ஆகாதவள் எந்நேரமும் சும்மா இருப்பவள்தானே. வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று ஒப்புக்கொண்டேன். குட்டிக்காக ஒப்புக்கொண்டேன் என்பதுதான் நிஜம். அண்ணன் மகளை நாங்கள் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் கை கால் முடங்கியவர்களை நடக்கப் பழக்கும் வேலை அவளுக்கு. அங்கேயே எக்ஸ்ரே எடுக்கும் பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டையும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தாள். பெற்றவள் அண்ணி என்றாலும் என் மடியில் வளர்ந்தவள். அவள் முகம் வாடினால் எனக்குச் சோறு இறங்காது.

வம்ச மரம் வேர் விடும் முன்பே வினை வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரித் தோழிகள் கல்யாணப் பரிசாக இருவருக்கும் ஒரு பரிசோதனை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் பூர்வீகம் சொல்லுமாம். முடிவு வந்த அன்று நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன்.

"அத்தை, இந்தக் கூத்தக் கேளேன்," என்று குட்டி போனை நீட்டினாள். "எனக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தம் இருக்காம். எங்க கொள்ளுத்தாத்தா காலத்துல ஒரே குடும்பமாம்!"

அவள் மட்டும்தான் சிரித்தாள். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். படபடப்பு வந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலால் தரையில் பிரேக் தேடுவார். அன்றைக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது.

"எந்த வழியாம்?" என்றாள் அண்ணி.

"எந்த வழின்னா?"

"மாமன் வழியா, பங்காளி வழியா?"

"அதெல்லாம் அந்த மெஷினுக்குத் தெரியாதும்மா. சொந்தம்னு மட்டும்தான் சொல்லும்."

அங்கேதான் சிக்கல். அண்ணனும் தங்கையும் பெற்ற வாரிசுகள் என்றால் மாமன் அத்தை பிள்ளைகள், கட்டிக்கொள்ளும் முறை, அண்ணன் குதித்துக் கூத்தாடுவார். அண்ணனும் தம்பியும் பெற்ற வாரிசுகள் என்றால் பங்காளிகள். எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் குட்டி தங்கை, அந்தப் பையன் அண்ணன். எச்சிலில் இருக்கும் ரத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான், அதை ஆராய்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியவே புரியாது. நான் இதையெல்லாம் கேலி பேசுகிறவள். ஆனாலும் அன்றைக்கு எனக்குக் கேலி வரவில்லை.

பையனுடைய அப்பாவின் தாத்தா, பாட்டி இருவருமே கப்பலில் வந்தவர்கள். அந்தத் தாத்தா எங்கள் தாத்தாவுக்குத் தம்பியா, இல்லை அந்தப் பாட்டி தங்கையா? கல்யாணம் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது.

"பங்காளின்னா இந்தக் கல்யாணம் இல்ல," என்றார் அண்ணன். "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் தாலி எடுத்துக் குடுக்கறதுக்கா நான் உயிரோட இருக்கேன்?"

"கல்யாணம் இருக்குப்பா. நீங்கதான் இருக்க மாட்டீங்க," என்றாள் குட்டி.

இப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை. அண்ணியின் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் குட்டியே சமையலறையில் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"அப்பா இல்லாம என்னால எப்படி அத்தை கட்டிக்க முடியும்? சும்மா வீம்புக்குச் சொன்னேன். நீ கண்டுபிடி. எப்படியாவது நல்லதாக் கண்டுபிடி."

"இருக்கறதத்தான்டி கண்டுபிடிக்க முடியும்," என்றேன். சொன்ன பிறகு கொஞ்சம் இதமாகச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

முதலில் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பாவும் பிள்ளையும்தான். அடுக்குமாடியில் கடைசி மாடி. லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு நான் படியேறித்தான் போனேன். அந்தக் கட்டடத்து லிஃப்ட் அவர் பார்க்கிற கம்பெனியுடையது இல்லையாம், கை வைத்தால் வழக்குப் போடுவார்களாம். அதைச் சொல்லி அவரே சிரித்தார். நிதானமான மனிதர். எதைக் கேட்டாலும் தொடையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் பதில் சொல்வார்.

"தாத்தா வாயே திறக்க மாட்டாரு. அவரு ஆளுங்க யாருன்னு எங்கப்பாவுக்கே தெரியாது. பாட்டிக்கு ஒரு அண்ணன் இருந்தாராம். ரெண்டு பேரும் ஒரே கப்பல். வர்ற வழியில பாட்டிக்கு அம்மை போட்டிருக்கு. இறங்கினதும் நோயாளிங்க கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அதோட சரி."

"அப்புறம் அண்ணன் வரலையா?"

"வரல. பாட்டி பொழச்சு, அந்தக் கொட்டகையிலயே துணி வெளுக்கற வேலைக்கு நின்னுட்டாங்க. தாத்தாவக் கட்டினதும் அங்கதான். பின்னால எங்கப்பா ஊருக்குள்ள நல்ல வீடு பார்த்துக் கூப்பிட்டாரு. வர மாட்டேன்னுட்டாங்க. அண்ணன் தேடிக்கிட்டு இங்கதானே வருவான், நான் இல்லன்னா தடுமாறிப் போயிடுவான்னாங்களாம். கூரை ஒழுகற குடிசை அது. எங்கப்பா அதுலதான் வளந்தாரு, கடைசி வரைக்கும் இருமல் விடல. பாட்டி செத்ததும் அங்கதான்."

கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த அண்ணன் உங்க தாத்தாவா இருந்தா முறை சரியா வந்துடும். புள்ளைங்களுக்காக எனக்கும் அதான் வேணும். ஆனா ஒண்ணுங்க. அவரு தேடினாரான்னு எனக்குத் தெரியணும். தேடிக் கிடைக்கலன்னா அது விதி, யாரை நோக முடியும்? தேடவே இல்லன்னா, எங்க பாட்டிய அநாதையா விட்டுட்டுப் போனவரு வீட்ல நான் பொண்ணு எடுக்க மாட்டேன். பையன் என்னை மீறிக் கட்டிக்கட்டும். நான் வந்து நிக்க மாட்டேன்."

குரலை உயர்த்தாமல் சொன்னார். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எங்கள் தாத்தா அப்படிப்பட்டவர் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

அதன்பிறகு வேலைக்கு அரை நாள் விடுப்பு போட்டுப் போட்டு ஆவணக் காப்பகத்துக்கு அலைந்தேன். அங்கே இருக்கிற அம்மாவுக்குப் பேனா என்றால் பாம்பைக் கண்ட மாதிரி. பைக்குள் பேனா இருக்கிறதா என்று துழாவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார விடுவாள். தும்மினால்கூட காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். தாத்தாவின் பெயரில் ஊருக்கு ஒருவர் வந்திருக்கிறார். ஒவ்வொரு கப்பலாகத் தள்ளித் தள்ளி, கண் பூத்துப்போய், கடைசியில் ஒருநாள் கிடைத்தது. தாத்தா பெயர், அவர் அப்பா பெயர், ஊர். அதற்குக் கீழேயே ஒரு பெண்ணின் பெயர். அதே அப்பா, அதே ஊர். லிஃப்ட் மெக்கானிக் சொல்லியிருந்த அவர் பாட்டியின் பெயர்.

தங்கைதான்! மாமன் வழிதான்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த அம்மா என்னை வெளியே அனுப்பாதது அவளுடைய பெருந்தன்மை. அங்கேயே எழுந்து குட்டிக்கு போன் செய்திருக்க வேண்டும். அதோடு விட்டிருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் வக்கீல் ஆயிற்றே, அந்தக் கொட்டகையின் காகிதங்களையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கேட்டு வாங்கினேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு தாள் இருந்தது. உறவினர் என்ற இடத்தில், உடன் வந்த ஆணை விசாரித்ததாகவும், தனக்கு யாருமில்லை, தனியாக வந்தேன் என்று அவன் சொன்னதாகவும் எழுதியிருந்தது. காரணமும் எனக்குப் புரிந்தது. நோயாளியின் சொந்தக்காரர்களைச் சேர்த்து நிறுத்திவைப்பார்கள், சில சமயம் வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பியும்விடுவார்கள். பயந்திருப்பார். மீசைகூட முளைக்காத வயசு. அதை நான் மன்னித்துவிட்டேன், அந்த நாற்காலியிலேயே.

அதன் அடியில் இன்னொரு தாள். தேதி வெகு காலம் பின்னால். அவள் பிழைத்துத் தேறிய பிறகு கொட்டகைக்காரர்கள் அண்ணனைத் தேடியிருக்கிறார்கள். தேடிக் கண்டும் பிடித்திருக்கிறார்கள். இதே ஊரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், கிடங்கில் வேலையாக இருந்தார். வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டதற்கு, எனக்குத் தங்கை கிடையாது என்று சொல்லிக் கட்டை விரலை வைத்துக் கொடுத்திருக்கிறார்.

அந்த ரேகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் தாத்தாவின் கை எனக்கு நினைவிருக்கிறது. சின்ன வயதில் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவார். கூட்டம் வந்துவிட்டால் என் கையை நசுங்கும் அளவுக்குப் பிடித்துக்கொள்வார். வலிக்குது தாத்தா என்று கத்தினாலும் விட மாட்டார். பாசம் என்று நினைத்து வளர்ந்தவள் நான். இப்போது அது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாலம் தாண்டினால் தங்கை. ஆயுசு முழுக்க அவர் பாலம் தாண்டவில்லை. ஏன் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. அந்த மனுஷன் மேல் வந்த கோபத்தில் எனக்குக் கண்ணீர்கூட வரவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். தங்கை என்ற சொல்லோடு அவருக்குக் காது அடைத்துவிட்டது. "மச்சான் ஆயிட்டாரு! சம்பந்தி எனக்கு மச்சான் ஆயிட்டாரு!" என்று அண்ணியை உலுக்கினார். மீதியையும், சம்பந்தி கேட்ட கேள்வியையும் சொன்னதும் உட்கார்ந்தார்.

"அந்த ரேகை தாத்தாவோடதுதானா? வேற யாராவது..."

"அப்பா பேரு, ஊரு, வேலை செஞ்ச கிடங்கு. எல்லாம் அவருதான்."

"ஒண்ணுந் தெரியாத வயசு. பயத்துல..."

"மொதல் தடவை பயம். ரெண்டாவது தடவை வேலை இருந்துச்சு, தங்க எடம் இருந்துச்சு. அப்ப என்ன பயம்?"

அண்ணன் சுவரில் இருந்த தாத்தா படத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பிறகு என் பக்கம் கைகளைக் கூப்பினார். அண்ணன் என்னைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இது நம்மளோட போகட்டும்மா. குட்டிகிட்டயும் வேண்டாம். தங்கைன்னு மட்டும் சொல்லு. மீதி எதுவும் தெரியலைன்னு சொல்லிடு."

"நேருக்கு நேரா கேட்டா?"

"கேட்க மாட்டாரு."

கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவும் பிள்ளையும் வந்தார்கள். அண்ணன் வாசலுக்கே ஓடி, "வாங்க மச்சான்!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரும் கூச்சத்தோடு, "வந்தேன் மச்சான்," என்றார். குட்டிக்கு முகமெல்லாம் பல். எக்ஸ்ரேக்காரன் என்னை "அத்தை, அத்தை" என்று அதற்குள் பத்துத் தடவை கூப்பிட்டுவிட்டான். அண்ணி பலகாரத் தட்டை நீட்டினாள். லிஃப்ட் மெக்கானிக் தட்டைத் தொடவில்லை. தொடையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் அன்னிக்குக் கேட்டது."

அண்ணனின் கால் தரையை அழுத்தியது. குட்டி எதுவும் புரியாமல் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க தாத்தா தேடினாரா?"

உண்மையைத்தான் சொல்லப்போனேன். அதற்குத்தான் வாயைத் திறந்தேன். பிளாஸ்டரில் ஒரு பல் கோணலாக இருந்தால்கூட நேராக்கி அனுப்பாதவள் நான். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். அடி வாங்கத் தயாராக இருப்பவர் மாதிரி இருந்தார். அவர் பின்னால் என் குட்டி நின்றாள்.

"தேடினாரு," என்றேன்.

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிள்ளை பதறிப்போய் முதுகைத் தடவினான். அண்ணன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. முடிந்தது, இனி இந்தப் பேச்சை யாரும் எடுக்கப்போவதில்லை என்று நினைத்தேன்.

"எங்கெல்லாம் தேடினாரு?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் அண்ணி கையிலிருந்த பலகாரத் தட்டை வாங்கி அவரிடம் நீட்டினேன்.

"இருங்க, இருங்க," என்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "எங்கக்கா படுத்த படுக்கையா கெடக்குறா. பாட்டி மடியில வளந்தவ அவதான். அண்ணன் வரலியே, வரலியேன்னு பாட்டி பொலம்பினதை எல்லாம் கேட்டவ. அவளுக்குப் போட்டுக் காட்டணும். உங்க வாயாலயே, மொதல்லேருந்து சொல்லுங்க."

போனை என் முன்னால் மேசையில் வைத்து, ஒரு பொத்தானை அழுத்தினார். சிவப்புப் புள்ளி ஒன்று தோன்றியது.

"இறங்கின அன்னிக்கே கொட்டகை வாசலுக்குப் போனாரு," என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "உள்ள விடல. மறுநாளும் போனாரு. தங்கச்சின்னு அழுது கேட்டாரு."

"கேட்டதுக்கு?"

"அப்படி யாருமில்லைன்னு சொல்லிட்டாங்க."

"பாவிங்க," என்றார் அவர். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குட்டி வந்து என் காலடியில் உட்கார்ந்து, என் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். கிடங்கில் வேலை முடிந்ததும் தினமும் பாலம் தாண்டி நடந்தார் என்றேன். எதிரில் வருகிற பெண்களையெல்லாம் நின்று பார்ப்பார் என்றேன். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. சித்தப்பாவும் பெரிய அத்தையும் சேர்ந்து விட்ட கதைகளெல்லாம் என் பக்கத்தில் வர முடியாது. எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது. அண்ணனை நிமிர்ந்து பார்த்தேன், அவராவது ஏதாவது சொல்லி நிறுத்துவார் என்று.

அண்ணன் அழுதுகொண்டிருந்தார். எல்லாம் தெரிந்த அண்ணன், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், தாத்தா படத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்றார் லிஃப்ட் மெக்கானிக், என்னைப் பார்த்து.